கலியபெருமாள் ஒட்ட மறுத்த சம்மன்

இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். காரைக்கால் நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்ற கலியபெருமாள் இறந்துவிட்டார் என்று போன வாரம் கோட்டுச்சேரி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். "தங்கமான மனுஷங்க. யாரையும் மனசு நோக ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார். நீதிமன்ற ஊழியர்களாகிய நீங்கள் அவருக்கு நினைவு மலர் போடுகிறீர்களாம். தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாமாம். உங்களைப் போல நான் அவரோடு பழகியவன் அல்ல. என் வழக்குக்காக இரண்டு முறை என் வீட்டு வாசலுக்கு வந்தவர், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் என் மனைவிமீது விவாகரத்து வழக்குப் போட்டேன். கோட்டுச்சேரி வீடும் எனக்கே வேண்டும் என்று கேட்டிருந்தேன். மனை அவள் அப்பா கொடுத்தது, கட்டியது நான். அவள் வரிச்சிக்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். தெரிந்தும் மனுவில் கோட்டுச்சேரி விலாசத்தையே கொடுத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு, நான் ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு அருகே அறை எடுத்துத் தங்கினேன். சம்மனைக் கதவில் ஒட்டுவார்கள், அவளுக்குத் தெரியாது, வரமாட்டாள், ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். இது என் வக்கீல் சொன்ன வழி. நான் படித்தவன், புரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

வீட்டை அமீனாவுக்கு அடையாளம் காட்டுவது வாதியின் பொறுப்பு. போய் நின்றேன். கலியபெருமாள் சைக்கிளில் பசை டப்பாவோடு வந்தார். பூட்டைப் பார்த்தார்.

"சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

"என்கிட்டதான்."

"அம்மா எங்க இருக்காங்க?"

"தெரியாது. நீங்க ஒட்டிட்டுப் போங்க."

"ஒட்டுனா நீங்கதான சார் படிப்பீங்க? உங்க மனுவ உங்களுக்கே காட்டவா நான் வெயில்ல வந்தேன்?"

எதிர்க்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கலியபெருமாள் அவர்களிடமே விசாரித்து, சாவி வாதியிடம் இருக்கிறது, பிரதிவாதி வரிச்சிக்குடியில் இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதி, சம்மனை ஒட்டாமல் நீதிமன்றத்துக்கே திருப்பிவிட்டார். புதிய சம்மன் போயிற்று. அவள் வந்தாள். கூண்டில் நின்று வெகுநேரம் பேசினாள். பாதி பொய் என்று இப்போதும் சொல்வேன். மறுபாதி, நான் என் வக்கீலிடமே மறைத்தது.

வழக்கு நடக்கும்போது வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுக்க உத்தரவாயிற்று. மறுபடி அவர்தான் வந்தார், அவள் அண்ணனோடு. நான் வகுப்பில் இருந்தேன். என்ன நடந்தது என்பதை எதிர்க்கடைக்காரர் பிறகு சொன்னார்.

"பித்தளை அண்டாவெல்லாம் நாங்க செஞ்ச சீருங்க. எழுதிக்குங்க" என்றாராம் மைத்துனர்.

"சார் வரட்டும்."

"அந்தாளு வந்தா சண்டைக்கு நிப்பாருங்க."

"நிக்கட்டும். அதையும் கேட்டுக்கிட்டு எழுதுவோம்."

பள்ளி விடும்வரை சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். அண்டா என் அம்மாவுடையது. அவள் பக்கம் சொன்னதற்கு எதிரே நான் சொன்னதையும் எழுதி, இருவருக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

விவாகரத்து கிடைத்தது. வீடு அவளுக்குப் போயிற்று. அண்டா என்னோடு வந்தது.

அதன்பின் கடைத்தெருவில் பலமுறை எதிர்ப்பட்டார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்பார். தலையைத் திருப்பிக்கொள்வேன். அவர் தங்கமானவர் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. என் திட்டத்தைக் கெடுத்தவர் அவர். அதே கையால் என் தரப்பையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதியவர். முன்னதை மட்டுமே இத்தனை காலம் மனத்தில் வைத்திருந்தேன். இனி இரண்டாவதையும் வைத்துக்கொள்வேன்.

முடிவில் கையெழுத்துப் போடப் போனவன் நிறுத்திவிட்டேன். என் பெயரைப் படித்தால் அவள் யார் என்பது ஊருக்கே தெரியும். அவள் இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறாள். நான் எழுதியதற்கு அவள் என்ன சொல்வாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் பெயர் எழுதாமலே உறையை ஒட்டப் போகிறேன். நாளைக் காலை கடைத்தெருவுக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன்.