உனுக்காவ பத்து

பெயர்: பச்சையம்மா. பெண். வயது: ஐம்பத்தொன்று. தொழில்: இல்லத்தரசி. சுபாவம்: அமைதியானவர், ஒத்துழைப்பு தருபவர். குறை: இடது கணுக்காலில் பழைய காயம், ஆறிவிட்டது.

வடசென்னையின் ஓர் அரசு மருத்துவமனைச் சீட்டில் பச்சையம்மாவைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. எழுதியவர்மேல் பெரிய குற்றம் இல்லை. "எங்கேயாவது வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நான் எதுக்குப் போவணும், எல்லாரும் என்னாண்டதான் வர்றாங்கோ" என்று கம்மிய குரலில் பதில் வந்திருக்கிறது. தண்டையார்பேட்டை மார்க்கெட் முனையில் முப்பது வருடமாக மீன் விற்கும் ஒருவர் அப்படிச் சொன்னால் அது கர்வம். சீட்டு எழுதுகிறவர் அதை இல்லத்தரசி என்று புரிந்துகொண்டார். உண்மையில் அந்த வீட்டில் சோறு வடிப்பது, விசைப்படகு வேலையை விட்டு நின்றுவிட்ட கணவர் எத்திராஜ். அமைதியானவர் என்பதற்கு விளக்கம் இன்னும் எளிது. அன்று பச்சையம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

காயம் ஆறிவிட்டது என்பது மட்டும் சரி. இரண்டு வருடத்துக்கு முன்பு காசிமேட்டில் ஏலம் முடிந்து திரும்பும்போது, பின்னால் வந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் தகடு கணுக்காலின் வெளிப்பக்கத்தைக் கிழித்தது. ஆறு தையல். இப்போது தழும்பு ஒரு நெத்திலி நீளம் இருந்தால் அதிகம். எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று இருந்தது. வலி மட்டும் போகவில்லை.

அந்த வலிக்கு என்று ஒரு தனி நியாயம் இருந்தது. அந்தக் காலை ஊன்றி ஒரு மணி நேரம் நிற்கலாம். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாலும் தாங்கும். ஆனால் புடவைக் கரை உரசினால் தணலைக் கொட்டியதுபோல் எரியும். கடற்காற்று பட்டால் எரியும். ஈ உட்கார்ந்தால் உயிர் போகும். கடலோரத்தில் பிறந்தவருக்குக் காற்று ஆகாது, மீன் விற்பவருக்கு ஈ ஆகாது என்றால் என்னதான் செய்வது? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலின்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கோணியைப் போட்டு மூடிக்கொண்டு வியாபாரம் பார்த்தார்.

பக்கத்துக் கடை குப்பம்மா சும்மா இருப்பாளா? "யக்கா கால அட காக்குது. இன்னும் ரெண்டு வாரத்துல குஞ்சு பொறிச்சிரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மாத்திரை கொடுத்தார்கள். அது வலியைத் தூங்கவைக்காமல் பச்சையம்மாவைத் தூங்கவைத்தது. ஒரு நாள் கண் சொருகி, வஞ்சிரம் வாங்கியவர் பையில் மலிவான காரப்பொடி மீனைப் போட்டு அனுப்பிவிட்டார். அவர் வந்து சண்டை போட்டார். வஞ்சிரம் போய்ச் சேர்ந்த வீட்டிலிருந்து இன்றுவரை ஒரு முறையீடும் வரவில்லை. மாதத்தில் பத்து நாள் கடை போட முடியாமல் போயிற்று. மார்க்கெட் முனையில் ஒரு வாரம் ஆள் இல்லாத இடம், எட்டாம் நாள் வேறொருவர் இடம். கால் வலியைவிடப் பச்சையம்மாவை அரித்தது அந்தக் கணக்குதான்.

அப்படித்தான் அவர் வலிக்கான தனிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே டாக்டர் ஜானட். ராயபுரத்துக்காரர், மயக்க மருந்து படித்தவர். எக்ஸ்ரேயைத் தள்ளி வைத்துவிட்டுத் தழும்பைப் பஞ்சால் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர். பச்சையம்மா போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"வெட்டுப்பட்டப்ப ஒரு நரம்பும் சேர்ந்து அடிபட்டிருக்கும்மா. தொட்டா தெரியறதுக்குன்னே இருக்கிற நரம்பு. தோல் ஆறிடுச்சு, அது ஆறல. சரி, வலி எவ்வளவு சொல்லுங்க. பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல தாங்கவே முடியாது."

பச்சையம்மா டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எவ்ளோ போடுவ?"

"நான் போடக் கூடாதும்மா. உங்க வலி. நீங்கதான் சொல்லணும்."

"பதினஞ்சு."

"பத்துக்கு மேல கெடையாது."

"செரி, பன்னெண்டு வச்சிக்க."

"பத்தும்மா."

"மொத போணி நீ. உனுக்காவ பத்து."

டாக்டர் பத்து என்று எழுதிக்கொண்டார். வலியை அளக்க வேறு கருவி கிடையாது, நோயாளியின் வாய்தான் மீட்டர் என்பது அந்தத் துறையின் முதல் பாடம். மீன் சந்தையின் முதல் பாடம் வேறு. முதலில் சொல்லும் எண்ணை யாரும் நம்பக் கூடாது; நம்பிவிட்டால் சொன்னவருக்கே சங்கடமாகிவிடும். அடித்துப் பேசி, முனகி, மெதுவாக இறங்கி, ஓரிடத்தில் "இதுக்கு மேல எறங்காது" என்று நிற்க வேண்டும். நின்ற பிறகு இறங்குகிறவருக்கு அந்த முனையில் மரியாதை இல்லை. பச்சையம்மா ஒருமுறை அப்படி நின்று, அரைக் கூடை வஞ்சிரத்தை மறுநாள் கருவாட்டுக்குப் போட்டவர்.

அடுத்த வாரம் சோதனை ஊசி. துணைக்குக் குப்பம்மா வந்திருந்தாள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைக்கிற ஸ்கேன் கருவியைக் கணுக்காலில் வைத்து நரம்பைத் தேடினார்கள்.

"இன்னாக்கா, கால்ல புள்ளையா?"

"ஆமா, ஒன்ன மாதிரியே வாயாடி. மூட்றியா?"

டாக்டர் நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார். "இது சோதனைதான். சில மணி நேரம் இருக்கும். எவ்வளவு கொறையுதுன்னு பாத்துட்டு அடுத்த ஊசிய முடிவு பண்ணுவோம்."

அரை மணி கழித்துப் பஞ்சு வந்தது. பச்சையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். எப்போது தொடப்போகிறார் என்று குனிந்து பார்த்தால், டாக்டர் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கால் அவருக்குத் தொந்தரவு செய்யாத காலாக இருந்தது.

"இப்போ எவ்வளவும்மா?"

"ஒம்போது."

"நல்லா கவனிச்சு சொல்லுங்க."

"எட்டு. இதுக்கு மேல எறங்காது."

டாக்டர் யோசித்தார். தோல் மரத்திருக்கிறது, கால் துள்ளவில்லை, ஆனாலும் எட்டு என்கிறார். அப்படியானால் வலி வேறெங்கோ ஆழத்திலிருந்து வரலாம். எட்டு என்று எழுதினார்.

அன்று பச்சையம்மா புடவையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு, பேருந்தில் காற்று வரும் ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தார். கடைக்கு வந்ததும் காலை நீட்டினார்.

"யக்கா, ஈ குந்திகினு கீது. நீ பாட்டுக்குச் சும்மா கீற?" என்றாள் குப்பம்மா.

"குந்தட்டும். பாவம், அதுவும் எவ்ளோ நாளா பாத்துகினு இருந்துச்சு."

"அப்பால எதுக்கு எட்டுன்ன?"

"பின்ன? வலி இல்லன்னா, சொஸ்தமாயிடுச்சு வூட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்கோ. அடுத்த ஊசி எவன் போடுவான்?"

குப்பம்மா மெச்சிக்கொண்டாள். கடைவீதியில் அன்று அது புத்திசாலித்தனமாகவே பேசப்பட்டது. சாயங்காலத்துக்குள் மருந்தின் வேகம் இறங்கி எரிச்சல் திரும்பி வந்தது.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ஜானட் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பத்துலேர்ந்து எட்டுக்குத்தான் எறங்கியிருக்கும்மா. பாதிக்கு மேல எறங்கியிருந்தா, கொடச்சல் குடுக்கறது இந்த நரம்புதான்னு உறுதியாயிருக்கும். ஊசி முனையில ரேடியோ அலை குடுத்து அத அடக்கியிருக்கலாம். இப்ப அந்தப் பட்டியல்ல உங்க பேரப் போட முடியாது. மாத்திரைய கொஞ்சம் ஏத்தித் தர்றேன்."

"இரு. வலி போனாத்தான் அடுத்த ஊசியா?"

"சோதனையில போகணும்."

"வலி இல்லாதவளுக்கு வைத்தியம், இருக்கிறவளுக்குத் தூக்க மாத்தர. நல்லா கீது ஒங்க ஆஸ்பத்திரி."

டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரை எழுதத் தொடங்கினார். அந்த மாத்திரையோடு கடை நடத்த முடியாது என்பது பச்சையம்மாவுக்குத் தெரியும். குப்பம்மா காதருகே வந்தாள்.

"சொன்னதுலேர்ந்து ஜகா வாங்காதக்கா. பொய் சொன்னேன்னு சீட்டையே கிழிச்சிருவாங்கோ. ஒண்ணு பண்ணு, கொஞ்சம் எறங்கி வர மாதிரி அஞ்சுன்னு சொல்லு. பாதி ஆச்சு. மரியாதையும் போவாது."

நியாயமான யோசனை. முப்பது வருட வியாபாரமும் அதையேதான் சொல்லியிருக்கும்.

"டாக்டரம்மா, எழுதாத. அந்த எட்டு எட்டு இல்ல."

"பின்ன எவ்வளவு?"

"பூஜ்யம். ஒண்ணுமே இல்ல. ஈ குந்திச்சு, தெரில. சாயங்காலம்தான் திரும்ப வந்துச்சு."

குப்பம்மா விட்டத்தைப் பார்த்தாள். எட்டிலிருந்து ஒரே மூச்சில் பூஜ்யத்துக்கு இறங்கிய ஒருவரை அவள் இதுவரை கண்டதில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கோபம் வந்த முகம்தான். ஆனால் எதிரில் இருந்தவர் தலையைக் குனியவில்லை.

"அப்ப மொதல்ல சொன்ன பத்து?"

"அது நீ அடிச்சிப் பேசுவன்னு சொன்னது. நெசம் வேற. ஊனி நின்னா ஒண்ணு. நடந்தா மூணு. பொடவ பட்டா எட்டு. காத்து அடிச்சா ஏழு, ஆனி ஆடியில எட்டர. ஈ குந்துனா பத்து, அதுல மட்டும் பேச்சில்ல."

இவ்வளவு துல்லியமாக அந்த அறையில் யாரும் தம் வலியைச் சொன்னதில்லை. டாக்டர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். ஆனால் சொன்னதை மட்டும் நம்பிப் பட்டியலில் சேர்க்க முடியாது, சோதனை ஊசியை மறுபடி போட வேண்டும் என்றார். பச்சையம்மா காலை நீட்டினார். இம்முறை கேட்டபோது பூஜ்யம் என்றார். வலி திரும்பி வந்த நேரத்தைப் பேத்தியிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். பட்டியலில் பெயர் ஏறியது.

ரேடியோ அலைச் சிகிச்சைக்குச் சில நிமிடங்கள்தான் ஆயின. பெயரைக் கேட்டு எஃப்.எம். கேட்கும் என்று எதிர்பார்த்த குப்பம்மாவுக்குத்தான் ஏமாற்றம். "எல்லாருக்கும் முழுசா போயிடாது. போனாலும் சில மாசத்துல திரும்பலாம், அப்ப மறுபடி செய்யலாம்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

ஆறு வாரம் ஆயிற்று. தூங்கவைத்த அந்த வலி மாத்திரை பாதியானது. கடை ஒரு நாளும் விடுபடவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஜானட் முகத்தில் ஆவல் இருந்தது. தன் கையால் செய்தது நன்றாக வந்திருக்க வேண்டும் என்ற ஆசை டாக்டர்களுக்கும் உண்டு.

"புடவை பட்டா இப்ப எவ்வளவும்மா? ரெண்டா? மூணுன்னு போட்டுக்கட்டுமா?"

பச்சையம்மாவுக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடிக்கும். மூன்று என்றால் அவர் சந்தோஷப்படுவார். ஆறு என்றால் இன்னொரு முறை ஊசி போடுவார். பச்சையம்மா புடவைக் கரையைத் தழும்பின்மேல் இரண்டு தரம் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

நாலு என்று சொன்னார். நாலுதான் இருந்தது.