மாதாவுக்கு நேர்ந்த முடி

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபத்தில் ஒரு நல்ல மனுஷியை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் உளுந்தூர்பேட்டையில் என் வீட்டுக்காரரின் பைக்கை ஒரு லாரி உரசிவிட்டது. தலையிலும் இடுப்பிலும் அடி. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு வேளாங்கண்ணி மாதாவிடம் பேரம் பேசினேன். அவரை எழுப்பி நடக்க வை தாயே, அவரைக் கூடவே நடத்திக் கூட்டி வந்து என் முடி முழுவதையும் உனக்குத் தருகிறேன் என்றேன். அப்போது என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இருந்ததிலேயே பெரிசைத்தான் மாதாவுக்குச் சொன்னேன்.

சொன்னதோடு வாயை மூடிக்கொண்டேனா? இல்லை. வேண்டுதலைச் செலுத்தும் நாள்வரை ஒருசந்தி இருக்கிறேன், கவிச்சி தொடமாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. தவக்காலத்தில் நாற்பது நாள் எங்கள் வீட்டில் பெரியவர்கள் இருப்பதுதான். நான் அதற்கு முடிவு தேதியே வைக்கவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நடப்பதற்குத் தடி வேண்டியிருந்தது, நெடும்பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேளாங்கண்ணி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, ஒருசந்தியும் கூடவே நீண்டது.

எனக்குக் கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வேலை. கள்ளக்குறிச்சியில் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறி, மணியடிப்பதற்குள் போய்ச் சேர முடியும். நாலரைக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு டீ. சாப்பாடு ராத்திரிதான்.

ஐந்தாவது மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் சீப்பில் வந்தது. அப்புறம் தலையணையில், பிள்ளைகளின் நோட்டில், ரசத்தில். உச்சந்தலையில் பொடுகு, ஓயாத அரிப்பு. வகிடு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. பஸ் ஸ்டாண்டில் விற்கிற பச்சை எண்ணெய், வீட்டில் காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெய், வெங்காயச் சாறு என்று யார் எதைச் சொன்னாலும் தடவினேன். என் தலை நாறியதுதான் மிச்சம்.

அழகு போகிறதே என்று நான் அழவில்லை. மாதாவுக்குச் சொன்ன பொருள் என் கண்ணெதிரே கரைகிறதே என்றுதான் அழுதேன். அவர் தடியில்லாமல் நடக்கும்போது என் தலையில் என்ன இருக்கும்? ஒரு கைப்பிடி முடியையா கொண்டுபோய்க் கொடுப்பேன்? இருப்பதையாவது கொடுத்துவிடலாம், தனியாகப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கூட்டி வருகிறேன் என்றல்லவா சொல்லியிருந்தேன். அவரை விட்டுவிட்டுப் போனால் அது என்ன வேண்டுதல்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மா பக்கத்து மலைக் கிராமத்துக்காரர், ஏறக்குறைய என் வயது. பேச்சு கம்மி. மத்தியானம் மற்ற டீச்சர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நான் மட்டும் நோட்டு திருத்திக்கொண்டிருப்பதை அவர் எத்தனை நாளாகப் பார்த்தாரோ தெரியவில்லை. ஒருநாள் என் மேஜையில் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சாமைச் சோறு, கீரை, அவித்த முட்டை ஒன்று.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பசித்த வயிறு வேறு. பிள்ளைகளின் முட்டையை எடுத்து டீச்சருக்கு வைக்கிறீர்களா, எழுதிக் கொடுத்தால் உங்கள் வேலை என்னாகும் தெரியுமா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் கண்முன்னால் மெதுவாக ஒரு சுற்று திருப்பிக் காட்டினார். சத்துணவு முட்டையின் ஓட்டில் அரசாங்க முத்திரை இருக்கும். இதில் இல்லை. சின்னதாக, பழுப்பாக இருந்தது.

"எங்க வூட்டுக் கோழி போட்டதுங்க டீச்சர்," என்றார்.

என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் சமையல்கட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்கப் போனவள் அழுதுகொண்டே விபத்து, வேண்டுதல், ஒருசந்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் குண்டானைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். சுரண்டி முடித்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"எங்கூர்ல சாமிக்கு நேந்து வுட்ட கெடாவ யாருனா பட்டினி போடுவாங்களா டீச்சர்? யார் காட்டுல மேஞ்சாலும் ஒரு அடி அடிக்க மாட்டோம். ஊரே தீனி போட்டு வளக்கும். நீங்க இன்னாடான்னா சாமிக்குச் சொன்னத பட்டினி போட்டுக்கினு கீறீங்க."

என் முடியைக் கிடா என்கிறாரே என்று சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. மாதாவுக்கென்று நேர்ந்துவிட்டு அதைக் காயப்போட்டவள் நான்தான். இத்தனை வருஷம் ஜெபம் சொல்லி வளர்ந்த எனக்கு உறைக்காதது, வேளாங்கண்ணியை ஒருமுறைகூடப் பார்க்காத அவருக்கு ஒரே நொடியில் உறைத்துவிட்டது. அந்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனாலும் பயம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். ஒருசந்தியை மாதா கேட்டாளா என்றார். இல்லை ஃபாதர், நானாகச் சேர்த்தது என்றேன். அப்படியானால் போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார். டாக்டரிடமும் போனேன். ரத்தம் ரொம்பக் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மாத்திரையை ஒட்டி டீ குடிக்கக் கூடாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், பலன் தெரிய மாசக்கணக்காகும் என்றார்.

அதற்கப்புறம் என் தலை அந்தம்மாவின் பொறுப்பாகிவிட்டது. தினமும் அவர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு தூக்குச்சட்டியில் சாப்பாடு வரும். ஒருநாள் அவரைக்குழம்பு, ஒருநாள் கேழ்வரகுக் களியோடு கீரை, நெல்லிக்காய் காலத்தில் உப்புப் போட்ட நெல்லிக்காய். பதிலுக்கு நான் கள்ளக்குறிச்சி சந்தையிலிருந்து கருவாடு வாங்கிப் போவேன். அதைக் கொடுத்தால் மட்டும் முகமெல்லாம் சிரிப்பார். என் ஈரக்கொண்டையை ஒருநாள் அவரே அவிழ்த்து, அழுகிப்போகும் என்று அதட்டி, சமையல்கட்டுக்குப் பின்னால் வெயிலில் உட்கார வைத்தார். விடியற்காலைத் தலைக்குளியலை அன்றோடு விட்டேன். லீவு நாளில் பகலில் குளித்துக் காயவைக்கப் பழகினேன். டீயைக் குறைத்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கொட்டுவது கொட்டிக்கொண்டேதான் இருந்தது. எல்லாம் வீண் வேலை என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். அவர் என் நெற்றியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வகிட்டோரம் விரலால் தடவிப் பார்த்தார்.

"சின்னச் சின்னதா முளைச்சிக்கினு வருது. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். குத்தியது. குழந்தை மாதிரி அழுதேன், வெட்கமே இல்லாமல். அவர் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல் அரிசி கழுவப் போய்விட்டார். எண்ணெய்க்காரர்கள் எல்லாம் தங்கள் பெருமையைத்தான் பேசினார்கள். இந்த அம்மா ஒரு நாளும் நான் செய்தேன் என்று சொன்னதில்லை.

இன்னும் இரண்டு வருஷம் ஆனது. பழைய நீளம் வரவில்லை, முதுகோடு நின்றுவிட்டது. ஆனால் கை கொள்ளாத அடர்த்தி. அதற்குள் என் வீட்டுக்காரரும் தடியை விட்டுவிட்டார். சமையல்காரம்மாவையும் வேளாங்கண்ணிக்குக் கூப்பிட்டேன். ஆட்டையும் கோழியையும் யார் பார்ப்பது என்று வரவில்லை. நானும் வீட்டுக்காரரும் சின்னசேலத்தில் ரயிலேறி, வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவர் தன் காலாலேயே என்கூட நடந்து வந்தார். முடியெடுக்கிறவர் என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, நல்ல முடிம்மா, என்ன எண்ணெய் வைக்கிறீங்க என்று கேட்டார். கத்தி ஓடஓட முடி மடியில் விழுந்தது. வீட்டுக்காரரின் உயிருக்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன். அந்த முடிக்காக நன்றி சொல்ல வேண்டியவர் மலைமேல் இருந்தார்.

வெளியே வந்ததும் போன் போட்டேன். முழுசாகக் கொடுத்துவிட்டேன், உங்களால்தான் கொடுத்தேன் என்று அழுதேன். இன்னும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன்.

"காலைல இன்னா சாப்ட்டீங்க?" என்றார்.

முடி கொடுக்கிற வரைக்கும் வெறும் வயிறாக இருக்கலாம் என்று இருந்துவிட்டேன் என்றேன்.

"மொதல்ல போய் சாப்புடுங்க. அப்புறம் பேசலாம்," என்று போனை வைத்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் சொன்னதற்கு நான் எதிர்த்துப் பேசவில்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டலைத் தேடிப் போனேன்.