கழட்டு என்ற ஒரு சொல்

அந்தச் சிவப்புச் செருப்பில் ஒன்றுதான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அப்பா அதை எங்கள் லயன் வீட்டு வாசல் நிலையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பார்த்தவர்கள் கண்ணேறுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். கீழே இருக்கும் மலையூரைப் பார்த்துத் தொங்கட்டும் என்றுதான் அவர் அடித்தார். அவர் சாகும்வரை வெயிலிலும் பனியிலும் வெளுத்துக்கொண்டு அது அங்கேயே கிடந்தது.

நாங்கள் ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், லயன் என்கிற வரிசை வீடுகளில் இருந்துகொண்டு கூலி வேலை செய்தவர்கள். என் தாத்தா சமவெளியில் பண்ணைக்காரர் தெருவில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர். அது பொறுக்காமல்தான் குடும்பத்தோடு மலையேறினார். அப்பா அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர். என் தோழியோ கீழே அந்த மலையூரில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் பலாவும் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடம் போகும் வழியில் என் இட்லி அவளுக்கு, அவள் சாமைச் சோறு எனக்கு. சண்டை என்றால் சேர்ந்தே அடிப்போம். என்னை 'லயன்காரி' என்று கேலி செய்த ஒருவனின் தோளில் அவள் கடித்த கடியில் சட்டையெல்லாம் இரத்தம். அப்படிப்பட்ட பல் அவளுக்கு.

அவர்கள் ஊர் நோம்பித் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டாள். அப்பா அடிவாரத்தில் வாங்கித் தந்த சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அதுதான் என் முதல் செருப்பு. வேலை முடிந்த கையோடு அப்பாவும் வந்தார். காப்பிக் கிளையை வளைக்கிற கொக்கிக் கம்பு அவர் தோளில் இருந்தது. தன் வெறுங்காலை மறந்து என் காலையே பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டு நடந்தார். நோம்பி சாட்டி ஊருக்கு அறிவித்துவிட்டால் எல்லைக்கல்லைத் தாண்டி அந்த ஊரில் யாருமே செருப்புப் போடமாட்டார்கள், ஊர்த்தலைவராக இருந்தாலும் சரி. அது எங்களுக்குத் தெரியாது. எங்கள் தாத்தாவின் கதை அவளுக்குத் தெரியாது.

நான் கல்லைத் தாண்டியதுமே ஓடி வந்தாள். "ஐயோ, கழட்டு புள்ள! ஆராச்சும் பாக்கறதுக்குள்ள கழட்டு!" என்று குனிந்து என் காலைப் பிடித்தாள். எனக்குத் திட்டு விழாமல் காப்பாற்றத்தான். அப்பாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"ஆரப் பாத்துடி கழட்டச் சொல்ற?"

நிமிர்ந்த அவள் முகத்தில் அப்பாவின் கம்பு இறங்கியது. காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவளுடைய முன்பல் இரண்டும் இரத்தத்தோடு என் செருப்பின் மேலேயே விழுந்தன.

அப்புறம் ஊரே பாய்ந்தது. அப்பாவை மண்ணில் தள்ளி மிதித்தார்கள். அந்த நெரிசலில் என் செருப்பில் ஒன்று தொலைந்துபோனது. ஒருவர் அவருடைய வலது கையைப் பாறைமேல் வைத்துக் கல்லால் அடித்தார். "உட்டுருங்க சித்தப்பா, செத்துருவாருங்க!" என்று இரத்த வாயோடு அந்த ஆளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறியது அவள்தான். பொழுது சாய்வதற்குள் லயன் ஆட்கள் கிளை நறுக்கும் கவாத்துக் கத்தியோடு இறங்கிப்போய் அவர்கள் சாமைத்தாள் போரைக் கொளுத்தினார்கள். அதன்பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

அப்பாமேல் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. எங்கள் தாத்தா பட்ட அவமானம் பொய்யில்லை. ஆனால் அதற்கான அடியை வாங்கியது என் காலைப் பிடித்திருந்த ஒரு குழந்தை. அவர் கையை நசுக்கியவர்களையும் நான் மன்னிக்கவில்லை.

போன மாதம், கடைசிவரை மடக்க முடியாமல் போன அந்தக் கையோடே அப்பா இறந்தார். செருப்பைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏற்காடு பஜாருக்குப் போனேன். என் தோழி அங்கே பழக்கடை வைத்திருக்கிறாள். உள்ளங்கையில் அதை வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இத்தினியூண்டுக்கா எம் பல்லு போச்சு?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். செருப்பைத் திரும்ப என் பையில் வைத்துவிட்டு, "நோம்பி சாட்டியாச்சு. ஊட்டுக்கு வா புள்ள," என்றாள்.

எல்லைக்கல்லுக்கு முன்னால் ஜீப்பிலிருந்து இறங்கினோம். என் காலில் செருப்பு இருந்தது. அவளே சொல்லட்டும் என்று நின்றேன். என் காலைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. நானே குனிந்து கழற்றினேன். பையிலிருந்த சிவப்புச் செருப்பையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் அடி விழப்போகிற மாதிரி ஓரடி பின்னால் தள்ளி, இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.