எலுமிச்சம்பழமும் இடது கையும்

என் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அது தூண்டாவிட்டால் என் இதயம் தானாகத் துடிக்காது. அந்தக் கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் பழுதாகிவிட்டது என்பதை இரண்டு ஆண்கள் ஏழு மாதம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் மதுரை ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கரை மெஷின் வைத்துச் சோதிப்பவர். மற்றவர் என் கணவர். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறார்.

சோதனைக்காக மலையிறங்கும்போதெல்லாம் எனக்குக் கண் இருட்டும். அவர் வேகத்தைக் குறைக்கமாட்டார். ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மடியில் போடுவார்.

“மோந்துக்க. இந்த வளைவுல எத்தனை பேரு வாந்தி எடுத்துப் பாத்திருக்கேன், எனக்கா தெரியாது?”

“வீட்டுலயும் வருதுங்க. கொடியில துணி எடுக்கையில வந்துச்சு.”

“வீட்டுல ஏது வளைவு? டைரியில எழுதி எழுதித்தான் உனக்குச் சீக்கு.”

ஆஸ்பத்திரியில் என்னை அசையாமல் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். “பேட்டரி சூப்பரா இருக்கும்மா” என்பார் மெஷின்காரர். ஒயரைப் பற்றிக் கேட்டால், “அது பாட்டுக்குக் கெடக்கும்மா” என்று சிரிப்பார்.

ஒவ்வொரு மயக்கத்தையும் டைரியில் எழுதிவந்தேன்: நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். துணிக்கொடி. நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் பீரோவின் மேல்தட்டு. வேனில், வளைவுகளில் நான் தொங்கிக்கொள்ளும் ஜன்னல் மேல் கைப்பிடி. எல்லாவற்றிலும் இடது கை தோளுக்கு மேலே இருந்தது.

அடுத்த பயணத்தில் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் மூட்டை போல உருண்டேன். மயக்கம் வரவில்லை. மோந்து பார்க்காத பழம் மடியில் கிடந்தது.

“பாத்தியா, பழம் வேலை செய்யுது!” என்றார் கணவர்.



ஆஸ்பத்திரியில், “கையைத் தூக்கவச்சுப் பாருங்க” என்றேன்.

“அப்படிப் பாக்குற வழக்கமில்லம்மா.”

“நான் வீட்டுல படுத்தே கெடக்கலை தம்பி. துணி காயப்போடுறேன்.”

அவர் அனுமதிக்காகக் காத்திருக்காமல் இடது கையை உயர்த்தினேன். திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு நேராக ஓடியது. கண் இருண்டது. அவர் என் கையை வெடுக்கென்று கீழே இழுத்துவிட்டு, “டாக்டர்!” என்று கத்தினார்.

காறை எலும்புக்கும் விலா எலும்புக்கும் இடையில் நசுங்கி, ஒயர் உள்ளுக்குள் முறிந்திருந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் முறிந்த முனைகள் விலகின. புது ஒயர் வைத்தார்கள். பழையது ரத்தக்குழாயோடு ஒட்டிவிட்டதால் அதை உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் மெஷின்காரர். டைரியைத் திறந்து, அவரிடம் சொன்ன நாட்களை எழுதிய மூன்று பக்கங்களைக் காட்டினேன்.

“கையெழுத்து அழகா இருக்கும்மா” என்றார்.

திரும்பும்போது மலையடிவாரத்தில் கணவர் புதுப் பழம் வாங்கி நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. முதல் வளைவு வந்தது.

“பிடிச்சுக்க” என்றார் பழக்கத்தில்.

இடது கையைச் சில வாரங்களுக்கு உயர்த்தக்கூடாது என்று துணியால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“எந்தக் கையால?” என்று கேட்டேன்.

அவர் வேகத்தைக் குறைத்தார். கொடைக்கானல் வரை அப்படியே ஓட்டினார். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.