மாதிரிக்கு இட்ட பெயர்

ஊர்காவற்றுறை மீனவர் சங்கத்தில் நிமலினிக்கு வேலை கிடைத்தது சண்டை ஓய்ந்திருந்த 2003இல். யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருந்தவள். ஊர் திரும்பிய குடும்பங்களை வெளிநாட்டு உறவினர் தேடிப் பார்க்க ஓர் இணையத்தளம் வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. கொழும்பிலிருந்த வாகீசன் அதைச் செய்து அனுப்பினான். விவரங்களை நிரப்புவது நிமலினியின் பொறுப்பு.

தரவுத்தளம் வெறுமையாக இருந்தது. எந்தப் பெயரைத் தேடினாலும் 'ஒன்றுமில்லை' என்றே வந்தது.

"முதல்ல கொஞ்சம் மாதிரிப் பேரைப் போட்டுப் பாரும். அப்பதான் தேடல் வேலை செய்யுதோ எண்டு தெரியும்," என்றான் வாகீசன் தொலைபேசியில்.

அவள் மனதில் வந்த பெயர்களையெல்லாம் போட்டாள். பெயர் இருந்தால் ஊரும் வயதும் வேண்டுமே, அவற்றையும் போட்டாள். யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி, இணையக் கடையில் இருந்து எல்லாவற்றையும் ஏற்றினாள். தேடல் நன்றாகவே வேலை செய்தது. மாதிரிப் பெயர்களை வாகீசன் அழிப்பான் என்று அவள் நினைத்தாள். அவள் அழிப்பாள் என்று அவன் நினைத்தான். தளம் அப்படியே திறந்து கிடந்தது.

அடுத்த கிழமை சங்கத்துக்குக் கனடாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"நான் மாக்கிறேற் கதைக்கிறன் பிள்ளை. இன்னாசித்தம்பி சில்வெஸ்ரர், மெலிஞ்சிமுனை எண்டு போட்டிருக்கிறியள். அவன் என்ர தம்பி. தொண்ணூறில இடம்பெயரேக்க விட்டனாங்கள். எங்க இருக்கிறான்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று நிமலினி அப்போதைக்குத் தப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் நாளைக்கும் எடுக்கும்.

"அக்கா, அது உண்மையான ஆள் இல்லை. பரீட்சிச்சுப் பாக்க நான் யோசிச்சுப் போட்ட பேர்."

"வயசும் சரியாக் கிடக்கே."

"அதுவும் நான் போட்டதுதான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி பிள்ளை," என்று மாக்கிறேற் வைத்துவிட்டார்.

அன்றே யாழ்ப்பாணம் போய் எல்லாவற்றையும் அழித்தாள். வாகீசனோடு சண்டை பிடிக்கவில்லை; பாதிப் பிழை தன்னுடையது என்று தெரியும். அதன்பின் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டு உண்மைப் பெயர்களைச் சேர்த்தாள். சோதனை வேண்டியபோது 'சோதனை ஒன்று', 'சோதனை இரண்டு' என்றுதான் போட்டாள்.

சில மாதங்களின் பின் மாக்கிறேற் மறுபடி எடுத்தார்.

"அண்டைக்கு இல்லாத ஆளைப் போட்டீர். இப்ப இருந்த ஆளின்ர பேரைத் தாறன், போடுவீரோ? கண்ட ஆக்கள் ஆரும் சொல்லுவினம்."

தளத்தில் திரும்பி வந்தவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. நிமலினி கேட்க, வாகீசன் 'தேடப்படுவோர்' என்று தனிப் பகுதி சேர்த்துக் கொடுத்தான். தம்பியின் வயதை இம்முறை மாக்கிறேற் சொல்லச் சொல்லப் பதிந்தாள்.

மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். நெடுந்தீவுக்காரர் ஒருவர் அந்தப் பகுதியில் தன் பெயரைத் தானே கண்டு, மன்னாரிலிருந்து சங்கத்துக்கு வந்து நின்றார். சில்வெஸ்ரரைப் பற்றி மட்டும் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. 2006இல் மறுபடி சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை மூடும்வரை மாக்கிறேற் இடைக்கிடை எடுத்துக் கதைப்பார். தம்பியைப் பற்றிக் கேட்பதைக் குறைத்து, பிறகு நிமலினியின் கலியாணத்தைப் பற்றியே விசாரித்தார்.