தலை எண்ணிய ஞாயிறு

சென்ற ஞாயிறு எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தலைகளை எண்ணும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணக்கில் நான் கறார் என்று பெயர். பெயரால் வந்த வினை!

சங்கத்து மொபைல் குரூப்பின் அட்மின், பிடிக்காதவர்களையெல்லாம் நீக்கிக்கொண்டே இருந்தார். வெறுத்துப்போய், முதலாளியே இல்லாத ஒரு சமூக வலைத்தளத்துக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே யார் வேண்டுமானாலும் சொந்தமாக சர்வர் வைக்கலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வர்காரரோடு பேசலாம். உடனே எங்கள் ஊரில் ஏரியாவுக்கு ஒரு சர்வர்: மெட்டுகுடாவுக்கு ஒன்று, பாலாநகருக்கு ஒன்று, சனத்நகருக்கு ஒன்று. சங்கம் வைத்த தமிழர் ஒன்றோடு நிறுத்தியதுண்டா?

தேர்தல் வந்தது. எந்த ஏரியாவில் உறுப்பினர் அதிகமோ, அந்த ஏரியாக்காரர்தான் தலைவர் - இது எங்கள் பழைய வழக்கம். சரி, எந்த சர்வரில் அதிகம் பேர்?

“எங்களுதுலதான்” என்றார் மெட்டுகுடா சர்வரை நடத்தும் புஷ்பம் அக்கா. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். துணைத்தலைவராகவே இருந்து சலித்தவர். இந்தத் தடவை விடுவதாக இல்லை. பார்த்தால், தினமும் தங்க விலை போடும் தானியங்கிக் கணக்கும் அவரிடம் ஓர் உறுப்பினர்!

“அது மெஷின் அக்கா.”

“இருக்கட்டுமே. தெனம் தவறாம வருது. உங்க மனுஷங்க வர்றாங்களா?”

பாலாநகர் வெங்கடேசன் இன்னும் மேல். “எங்க பதிவு யாருக்கெல்லாம் தெரியுதோ, அத்தனை பேரும் நம்மாளுதான் சார்.” அந்தக் கணக்கில் ஜெர்மனிக்காரர்கள் சிலரும் பாலாநகர்வாசிகள்.

சனத்நகர் ஜோசப் கையை விரித்தார். “எண்ணிக்கையா? நக்கோ, வேண்டவே வேண்டாம் சார்! எங்க சர்வர்ல பிரைவசி முக்கியம்.” ஆனால் அவர் சர்வரில்தான் அதிகம் பேராம்... நம்ப வேண்டுமாம்.

சரி, ஆட்களையே எண்ணிவிடுவோம் என்று ஹாலில் கூட்டினேன். மெட்டுகுடா சர்வர்காரர்கள் கை தூக்குங்கள் என்றேன். தூக்கினார்கள். பாலாநகர் என்றேன். அதே கைகள்! சனத்நகர்? மறுபடியும் அதே கைகள்.

“என்னம்மா இது?” என்று முன்வரிசைப் பெண்மணியைக் கேட்டேன்.

“என்ன பண்றது சார்? புஷ்பம் அக்கா பக்கத்து வீடு. வெங்கடேசன் சார் எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ். ஜோசப் அண்ணன்கிட்ட பையன் டியூஷன் படிக்கிறான். யாருக்கு நோ சொல்றது?”

ஒரு கணக்கு என்றால் ஓர் ஆள் என்று நம்பும் நிபுணர்கள் எங்கள் ஹாலுக்கு ஒருமுறை வர வேண்டும். முகதாட்சண்யத்தைக் கழித்துவிட்டு எண்ண எந்த மென்பொருளுக்குத் தெரியும்?

‘எண்ண முடியாது’ என்று எழுதிக் கொடுத்தேன். யார் படித்தார்கள்? மூவரும் அவரவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே மேடைக்குப் போய்விட்டார்கள். இறங்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. யாருக்கு நோ சொல்வது? மாலை வாங்க ஆள் ஓடியது.

எங்கள் சங்கத்தில் எத்தனை உறுப்பினர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனை தலைவர்கள் என்று கேளுங்கள் - துல்லியமாகச் சொல்கிறேன்.