எட்டு லேப்டாப்பும் ஓர் ஆராயியும்

"இதுவும் ஆராயின்னு சொல்லுதுக்கா," என்றேன், இரண்டாவது லேப்டாப்பைக் காட்டி.

தனக்கோடி அக்கா எட்டிப் பார்த்தாள். "அச்சச்சோ! மொத லேப்டாப்ப அப்படியே நகல் எடுத்தேன்ல, அதோட பேரும் கூடவே வந்துடுச்சு."

"ரெண்டுக்கும் ஒரே பேரு இருந்தா என்னவாம்?"

"ஒரே நெட்வொர்க்ல சேர்த்தா சண்டை போடும். ஒன்னு உள்ள வரும், இன்னொன்னு வெளிய நிக்கும்."

"உங்கம்மா எட்டுப் பேரா வந்தா ஊரு தாங்குமாக்கா?"

"வாயே திறக்காதவ பேசுற பேச்சப் பாரு!" என்று சிரித்தாள்.

அவளுடைய அம்மா ஆராயி மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமப்பவர். மகள் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்து, 2005இல் நான் படித்த பெண்கள் பயிற்சி மையத்தில் சொல்லித்தரச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் வகுப்புக்கு மறுநாள் திறப்பு விழா. எட்டு லேப்டாப்பும் சேர்ந்து ஓடாவிட்டால் வேறு ஆளை வைப்பதாகச் செயலாளர் சொல்லியிருந்தார்.

அக்கா பதறவில்லை. முதல் லேப்டாப்பின் பெயர், நெட்வொர்க் எண் என்று அதற்கு மட்டுமே உரியதை எல்லாம் அழித்தாள். அதில் ஏற்றியிருந்த பாடங்களைத் தொடவில்லை. பிறகு மற்ற ஏழுக்கும் புதிதாக நகல் எடுத்தாள். திறந்ததும் ஒவ்வொன்றும் தனக்கொரு பெயர் கேட்டது. சாயங்காலம் எட்டும் சேர்ந்து ஓடின. செயலாளர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீயே இரும்மா," என்றார். எனக்கே வேலை கிடைத்ததுபோல் நிமிர்ந்து நின்றேன்.

முதல் லேப்டாப்புக்கு மட்டும் மறுபடியும் ஆராயி என்றே பெயர் வைத்தாள். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "நாளைக்கு அம்மா வருவாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நானே சொல்ல வெக்கமா இருக்குது. அந்தப் பேர நீ கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டுறியா?"